மென்பொருளும் உள்நாட்டுப் பொறுப்பும்: தில்லி நூலகங்களின் அனுபவம்

நூலகம் ஒன்றில் ஐம்பதாயிரம் நூல்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நூலின் ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, பகுப்பெண், பொருட்சொற்கள் ஆகியவற்றைக் கணிப்பொறியில் பதிவு செய்யப் பத்து நிமிடம் ஆகுமெனில், பட்டியல் முழுவதையும் பதிவு செய்ய 8,300 மணிநேரத்துக்கு மேல் தேவைப்படும். நாள்தோறும் ஆறு மணிநேரம் இப்பணியை மட்டுமே செய்யும் நான்கு ஊழியர்களுக்கு இது ஏறத்தாழ 350 வேலைநாள் உழைப்பாகும். இவ்வுழைப்பு முழுவதும் ஒரு மென்பொருளின் உள்ளே சென்று அடங்குகிறது. அம்மென்பொருள் இலவசமாகக் கிடைத்திருக்கலாம். பல இலட்ச ரூபாய் கொடுத்து வாங்கப்பட்டிருக்கலாம். பத்தாண்டுகளுக்குப் பின்னரும் அப்பட்டியல் பயன்படுமா என்பது விலையைப் பொறுத்ததன்று. மென்பொருளைப் பெற்ற நாளில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டது, என்ன எழுதப்படாமல் விடப்பட்டது என்பதையே அது பெரிதும் பொறுத்திருக்கிறது.

ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கென உருவாகும் சிறப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் பயன்படுகின்றன. உருவாக்கியவர் வெளிநாட்டில் இருப்பார். பயன்படுத்துவோர் இங்கே ஒரு நூலகத்திலோ ஆய்வுக்கூடத்திலோ இருப்பர். இருவருக்கும் இடையே உள்நாட்டு அமைப்பு ஒன்று நின்று, மென்பொருளை இவ்விடத்துத் தேவைக்கேற்பத் தழுவியமைக்கிறது, படிகளைப் பகிர்ந்தளிக்கிறது, பழுது நேர்ந்தால் துணைபுரிகிறது. இம்மூன்று பணிகளையும் ஒரே கை செய்ய வேண்டும் என்பதில்லை. ஆனால் எந்தக் கை எதைச் செய்யும் என்பது தெளிவாக இல்லாவிடில் இழப்பு பயன்படுத்துவோருக்கே. தில்லியில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு.

பாரிஸிலிருந்து தில்லிக்கு

ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோவுக்கும் தில்லி நூலகங்களுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1951இல் தொடங்கப்பட்ட தில்லி பொது நூலகம் அவ்வமைப்பின் துணையுடன் முன்னோடித் திட்டமாக நிறுவப்பட்டதேயாகும். 1985இன் இறுதியில் யுனெஸ்கோ ‘சிடிஎஸ்-ஐஸிஸ்’ என்னும் மென்பொருளை நுண்கணிப்பொறிகளுக்கு ஏற்ற வடிவில் வெளியிட்டது. இதன் மூலவேர் ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1960களில் பெருங்கணிப்பொறிகளுக்காக உருவாக்கிய ஐஸிஸ் ஆகும். நுண்கணிப்பொறி வடிவத்தை யுனெஸ்கோவின் ஜியாம்பாவோலோ டெல் பிஜியோ உருவாக்கினார்.

அந்நாளைய வணிகத் தரவுத்தள மென்பொருள்கள் ஒவ்வொரு செய்திக்கும் இத்தனை எழுத்துகள் என்று முன்கூட்டியே இடம் ஒதுக்கின. நூல்களின் இயல்பு அதற்கு ஒத்துவருவதன்று. ஒரு நூலுக்கு ஓர் ஆசிரியர் இருப்பார், மற்றொன்றுக்கு ஐவர். ஒரு தலைப்பு இரண்டு சொற்களில் முடியும், மற்றொன்று மூன்று வரிகளுக்கு நீளும். ஐஸிஸ் மென்பொருளில் புலங்களின் நீளம் செய்திக்கேற்ப விரியவும் சுருங்கவும் கூடியதாக இருந்தது. ஒரே புலம் எத்தனை முறை வேண்டுமாயினும் திரும்ப வரலாம். நூலகர்கள் இதனை உடனே விரும்பியதற்குக் காரணம் இதுவே.

யுனெஸ்கோ இம்மென்பொருளை விற்கவில்லை. இலாப நோக்கமற்ற நிறுவனங்களுக்கு அது இலவசமாகவே கிடைத்தது. ஆயினும் உரிம ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். பெற்ற மென்பொருளைப் பிறருக்கு விற்கலாகாது. நாடுதோறும் ஒரு தேசியப் பகிர்மான அமைப்பு நியமிக்கப்பட்டது. இந்தியாவில் அப்பொறுப்பை ஏற்றது நிஸாட் எனப்படும் அறிவியல் தொழில்நுட்பத்துக்கான தேசியத் தகவல் அமைப்பாகும். 1977இல் தொடங்கப்பட்ட நிஸாட், பின்னர் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சித் துறையின்கீழ், தில்லி மெஹ்ரௌலி சாலையிலுள்ள டெக்னாலஜி பவனிலிருந்து இயங்கியது.

நெகிழ் வட்டுகளைப் படியெடுத்து அஞ்சலில் அனுப்புவதோடு நிஸாட் நின்றுவிடவில்லை. நாட்டின் பல நகரங்களில் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்த அது நிதியளித்தது. கணிப்பொறியையே முதன்முறையாகத் தொடுகிற ஊழியருக்கு வட்டும் ஆங்கிலக் கையேடும் மட்டும் என்ன பயனைத் தந்துவிட முடியும்? பகிர்மானம் என்னும் சொல்லுக்குப் பயிற்சியும் அடக்கம் என்று நிஸாட் கொண்டதே இத்திட்டம் வேரூன்றக் காரணம் எனலாம்.

தழுவியமைத்தலும் உரிமையும்

ஐஸிஸ் நூல்களைத் தேடித்தரும். ஆனால் நூலை இரவல் வழங்கிக் கணக்கு வைப்பது, பருவ இதழ்களின் வரவைச் சரிபார்ப்பது, நூல் வாங்க ஆணை அனுப்புவது போன்ற அன்றாட அலுவல்களுக்காக அது அமைக்கப்படவில்லை. 1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் ‘ஐஸிஸ் பாஸ்கல்’ என்னும் நிரல்மொழி சேர்க்கப்பட்டது. மென்பொருளின் மூல நிரலைத் தொடாமலேயே அதன்மீது புதிய நிரல்களை எழுதிச் சேர்க்க இது வழிசெய்தது. திரையில் தோன்றும் மெனுக்களையும் அறிவிப்புகளையும் பயன்படுத்துவோரே தம் மொழியில் மாற்றிக்கொள்ளவும் முடிந்தது.

இவ்வழியைப் பயன்படுத்தி, தில்லி மெட்காஃப் ஹவுஸில் இயங்கும் பாதுகாப்பு அறிவியல் தகவல் ஆவண மையமான டெசிடாக், நிஸாட்டின் ஆதரவுடன் ‘சஞ்சய்’ என்னும் நூலக மேலாண்மைத் தொகுப்பை உருவாக்கியது. அடித்தளம் யுனெஸ்கோவினுடையது; மேற்கட்டுமானம் தில்லியினுடையது. ஐஸிஸ் இல்லாமல் சஞ்சய் இயங்காது. சஞ்சய் இல்லாமலோ ஐஸிஸ் நூலகத்தின் பாதி வேலையையே செய்யும்.

இங்குதான் சட்டம் நுழைகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்யப்பட்ட திருத்தம் கணிப்பொறி நிரல்களை இலக்கியப் படைப்பு என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. படைப்பைத் தழுவியமைக்கும் உரிமை பதிப்புரிமையாளருக்கே உரியது. பிறர் அதனைச் செய்ய உரிமம் வேண்டும். தழுவலில் புதிதாக எழுதப்பட்ட பகுதி யாருக்கு உரியது? ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, மாறான உடன்பாடு இல்லாதவரை, பணியமர்த்தியவரே முதல் உரிமையாளர். அரசின் ஆணைப்படியோ கட்டுப்பாட்டின்கீழோ உருவான படைப்புக்கு அரசே முதல் உரிமையாளர். ஆனால் ஒரு தனியார் நூலகமோ அறக்கட்டளையோ வெளியிலிருந்து நிரலாளர் ஒருவரை அமர்த்தி, கூலி கொடுத்து எழுதச் செய்தால் நிலைமை வேறு. அவர் ஊழியரல்லர், எழுத்துமூலம் உரிமை மாற்றித் தரப்படாவிடில் பதிப்புரிமை நிரலாளரிடமே தங்கிவிடும். பணம் கொடுத்தவர் பெறுவது பயன்படுத்தும் வாய்ப்பு மட்டுமே. கட்டணச் சீட்டைக் காட்டி உரிமை கோரும் பழக்கம் நம்மிடையே மிகுதி; சட்டம் அதனை ஏற்பதில்லை.

1994ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் சில விதிகளைச் சேர்த்தது. உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படவில்லையெனில் அது ஐந்தாண்டு எனக் கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லையெனில் இந்தியா முழுவதும் எனக் கொள்ளப்படும். இவ்விதிகள் உரிமங்களுக்கும் தக்க மாற்றங்களுடன் பொருந்தும். ஆகவே காலத்தைக் குறிப்பிடாமல் உரிமம் பெற்ற நிறுவனம், நிலையான உரிமை தன்னிடம் இருப்பதாக எண்ணி வாளாவிருப்பது தவறாகும். முறையாகப் பெற்ற மென்பொருளுக்குப் பாதுகாப்பின் பொருட்டுக் காப்புப் படி எடுத்து வைத்துக்கொள்வதைச் சட்டம் அனுமதிக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இதற்குக்கூட அஞ்சி ஒரே வட்டை நம்பியிருப்பது வேண்டாத அச்சம்.

ஒரே நகரில் இரு வழிகள்

1988 ஜனவரியில் நிஸாட்டின் நிதியுதவியுடன் தில்லி இந்திய சர்வதேச மையத்தில் டெல்நெட் என்னும் நூலக வலையமைப்பு தொடங்கியது; 1992இல் அது சங்கமாகப் பதிவு பெற்றது. பல நூலகங்களின் இருப்பைக் கூட்டுப் பட்டியலாக்கி, ஒன்றில் இல்லாத நூலை மற்றொன்றிலிருந்து இரவலாகப் பெறச் செய்வது அதன் நோக்கம். இதற்கான மைய மென்பொருளான ‘டெல்சிஸ்’, அமெரிக்காவின் இன்ஃபர்மேஷன் டைமன்ஷன்ஸ் நிறுவனத்தின் ‘பேசிஸ் பிளஸ்’ என்னும் வணிக மென்பொருளின்மீது அமைக்கப்பட்டது. பேசிஸ் பிளஸ் மென்பொருளை இந்தியாவில் வழங்கியது தேசியத் தகவலியல் மையம்.

ஆக, ஒரே நகரில் இரு வழிகளும் அருகருகே இயங்கின. ஒன்றில் அடித்தளம் இலவசம், மற்றொன்றில் விலைக்குரியது. இரண்டிலும் இடையே நின்று பொறுப்பேற்றது ஓர் அரசு அமைப்பு. இரண்டிலும் மூல நிரல் வெளிநாட்டிலேயே இருந்தது. இன்ஃபர்மேஷன் டைமன்ஷன்ஸ் நிறுவனம் 1998இல் கனடாவின் ஓப்பன் டெக்ஸ்ட் நிறுவனத்துடன் சேர்ந்துவிட்டது. மென்பொருளின் உரிமையாளர் மாறும்போது பழைய துணைப்பணிக் கடமைகள் புதியவரைக் கட்டுப்படுத்துமா என்னும் வினா இத்தகைய ஒவ்வொரு கைமாற்றத்திலும் எழுகிறது. கட்டுப்படுத்தும் என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் வாதத்துக்கு இடமில்லை.

விலைக்கும் துணைக்கும் உள்ள வேறுபாட்டை இந்தியா இதற்கு முன்பே அறிந்திருந்தது. 1978இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அதன் கணிப்பொறிகள் இந்நாட்டிலேயே இருந்தன. அவற்றைப் பேணிய நிறுவனம்தான் இல்லாமற் போயிற்று. அப்பணியை சி.எம்.சி. என்னும் பொதுத்துறை நிறுவனம் ஏற்றது. பொருளைக் கொணர்பவர் ஒருவராகவும் அதனைக் காப்பவர் வேறொருவராகவும் இருக்கலாம் என்பதற்கு அது சான்று.

துணைப்பணி என்பது எது?

ஒப்பந்தங்களில் மிகவும் மங்கலாக எழுதப்படும் பகுதி இதுவே. ‘தேவையான துணை அளிக்கப்படும்’ என்னும் ஒற்றை வரி எதையும் தருவதில்லை. பிழை அறிவிக்கப்பட்டால் எத்தனை நாளில் விடை வரும், விடை தொலைபேசியிலா நேரிலா, பிழை உள்நாட்டுத் தழுவலில் இல்லாமல் அடித்தளத்திலேயே இருந்தால் அதனை உருவாக்கியவரிடம் கொண்டுசெல்வது யார், புதிய பதிப்பு வரும்போது பழைய தழுவலை அதற்கேற்ப மாற்றியமைக்கும் செலவு யாருடையது என்பன எழுதப்பட வேண்டும்.

கடைசியாகச் சொன்னது எளிதன்று. டாஸ் இயக்கத்தில் ஓடிய ஐஸிஸ் 1990களின் பிற்பகுதியில் விண்டோஸ் வடிவம் பெற்றது. பழைய வடிவத்துக்கென எழுதப்பட்ட நிரல்களை ஒவ்வொரு நிறுவனமும் மீண்டும் எண்ணிப்பார்க்க வேண்டியதாயிற்று. இந்திய மொழி நூல்களிலோ சிக்கல் மும்மடங்கு. இந்தி, தமிழ்த் தலைப்புகளை அவ்வவ்வெழுத்திலேயே பதிவு செய்ய, புனேயிலுள்ள சி-டாக் உருவாக்கிய ‘ஜிஸ்ட்’ தொழில்நுட்பம் பயன்பட்டது. ஆகவே மென்பொருள் ஒருவருடையது, எழுத்துமுறை மற்றொருவருடையது, தரவு நூலகத்தினுடையது. தமிழ்ச் சொல் அகர வரிசையில் இடம் மாறி நின்றால் முறையீட்டை எவரிடம் கொண்டுசெல்வது? மூவர் கூடும் இடத்தில் ஒருவரையாவது முதற்பொறுப்பாளராகக் குறிப்பிடாத ஒப்பந்தம், ஊழியரை வாயில்தோறும் அலைய வைக்கும்.

இடைநின்றவர் மறையும்போது

2002இல் நிஸாட் திட்டம் முடிவுக்கு வந்தது. பயன்படுத்திவந்த நூலகங்களின் கணிப்பொறிகள் மறுநாளே நின்றுவிடவில்லை. ஆனால் கடிதம் எழுதிக் கேட்க ஓர் இடம், புதிய பதிப்பை அனுப்பும் ஓர் இடம், பயிற்சிக்கு நிதி தரும் ஓர் இடம் ஆகியவை இல்லாமற் போயின. மூல நிரல் கையில் இல்லாததால் உள்நாட்டு வல்லுநர்களும் ஓரளவுக்கு மேல் செல்ல இயலவில்லை.

வணிக ஒப்பந்தங்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. மூல நிரலை நடுநிலையான மூன்றாம் தரப்பினரிடம் வைப்பாக வைப்பர். உருவாக்கியவர் தொழிலை விட்டுச் சென்றாலோ துணைப்பணியை நிறுத்தினாலோ அது பயன்படுத்துவோரிடம் ஒப்படைக்கப்படும். மற்றொரு வழி, மூல நிரலையே தொடக்கத்திலிருந்து திறந்துவைப்பது. நியூசிலாந்தில் 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த ‘கோஹா’ இவ்வகையைச் சேர்ந்தது. இந்திய நூலகங்கள் பலவும் இன்று அதனைப் பயன்படுத்துகின்றன. யார் வேண்டுமாயினும் அதனைத் தழுவியமைக்கலாம். துணைப்பணிக்கு எந்த உள்நாட்டு நிறுவனத்தை வேண்டுமாயினும் அமர்த்தலாம். மனநிறைவு இல்லையெனில் மாற்றலாம். எனினும் நிரல் திறந்திருந்தும் பெயர் தகராறுக்கு உள்ளானது. அப்பெயரை அமெரிக்க நிறுவனம் ஒன்று நியூசிலாந்தில் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்ய முற்பட்டு, எதிர்ப்புக்குப் பின் 2013இல் தோற்றது. பெயரும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டிய சொத்தே. இந்திய அரசு தன் அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருள்களுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை 2015இல் வெளியிட்டது.

ஐஸிஸ் நூலகங்களைக் காத்தது ஒப்பந்தத்தைவிட அம்மென்பொருளின் ஒரு பண்பே என்று சொல்ல வேண்டும். 1973இல் வகுக்கப்பட்ட ஐ.எஸ்.ஓ. 2709 என்னும் சர்வதேசத் தர வடிவில் தரவு முழுவதையும் வெளியே எடுக்க அதில் வசதி இருந்தது. கோஹா போன்றவை ஏற்கும் மார்க் பதிவுகளும் அதே தரத்தின்மீது அமைந்தவை. ஆகவே உள்ளே அடங்கிய உழைப்பை வெளியே கொண்டுவர முடிந்தது.

ஆயினும் வடிவம் ஒன்றாக இருந்தால் போதாது. ஐஸிஸ் தந்த சுதந்திரத்தால் ஒரு நூலகம் ஆசிரியர் பெயரை 100ஆம் புலத்திலும், மற்றொன்று 300ஆம் புலத்திலும், வேறொன்று தான் விரும்பிய எண்ணிலும் வைத்திருக்கலாம். எந்த எண்ணில் எது உள்ளது என்பதைத் தாளில் எழுதிவைத்த நூலகத்தில், ஒப்பீட்டு அட்டவணை ஒன்றைத் தயாரித்து நிரல்மூலம் பதிவுகள் அனைத்தையும் மாற்றிவிடலாம். தழுவியமைத்தவர் பணி மாறிச் சென்று, எழுத்துக் குறிப்பும் இல்லாத நூலகத்தில், ஊழியர்கள் நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.