செப்புத் தேடல் நிறுவனங்களைக் கையகப்படுத்தல்

செப்புத் தேடல் நிறுவனம் என்பது செப்புத் தாது உள்ள இடத்தைக் கண்டறிந்து, துளையிட்டு, அதன் அளவையும் தரத்தையும் உறுதிசெய்யும் சிறு நிறுவனம் ஆகும். பெரும்பாலும் இவற்றுக்கு இயங்கும் சுரங்கமோ விற்பனை வருமானமோ இராது. இவை பங்குச் சந்தையில் பங்குகளை விற்றுத் திரட்டும் பணத்திலேயே இயங்குகின்றன. சுரங்கம் அமைக்கப் பெருமுதல் தேவைப்படுவதால், நல்ல படிவைக் கண்டறிந்த தேடல் நிறுவனங்களைப் பெரிய சுரங்க நிறுவனங்கள் வாங்கிவிடுவது உண்டு. இதுவே கையகப்படுத்தல் எனப்படுகிறது.

மதிப்பிடும் முறை

வருமானம் இல்லாத நிறுவனத்தை இலாபத்தைக் கொண்டு மதிப்பிட இயலாது. எனவே நிலத்தடியில் உள்ள தாதுவே மதிப்பீட்டின் அடிப்படையாகிறது. எடுத்துக்காட்டாக, 100 கோடி டன் தாதுவில் 0.5% செப்பு இருப்பின், அதில் 50 லட்சம் டன் செப்பு உள்ளது. ஆனால் இதன் சந்தை விலை முழுவதும் நிறுவனத்தின் மதிப்பு ஆகாது. பிரித்தெடுக்கும்போது ஒரு பகுதி இழக்கப்படும். ஆலை அமைத்தல், தோண்டுதல், அரைத்தல், வரி ஆகிய செலவுகளையும் கழிக்க வேண்டும்.

எஞ்சும் வருமானம் பல ஆண்டுகள் கழித்தே கிடைக்கும். ஆண்டுக்கு 8% வீதம் கழித்தால், 10 ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் 100 டாலரின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 46 டாலர் மட்டுமே. இவ்வாறு எல்லா ஆண்டுகளின் வரவு செலவையும் கணக்கிட்டுப் பெறும் தொகை நிகர நிகழ்கால மதிப்பு எனப்படும். தொடக்க நிலையில் உள்ள நிறுவனத்தின் பங்குகள் பொதுவாக இம்மதிப்பின் ஒரு பகுதிக்கே விலைபோகின்றன. துளையிடல், சாத்தியக்கூறு ஆய்வு, அரசு அனுமதி ஆகியவை நிறைவேறும்போது இவ்விடைவெளி குறைகிறது.

இக்கணக்கு செப்பு விலையைப் பெரிதும் சார்ந்தது. 2008 சூலையில் டன்னுக்கு 8,000 டாலருக்கு மேல் இருந்த விலை, அவ்வாண்டு இறுதியில் 3,000 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. தாது அளவு குறித்த தகவலின் நம்பகத்தன்மையும் முக்கியமானது. 1997 இல் வெளிப்பட்ட பிரி-எக்ஸ் தங்க மோசடிக்குப் பின், கனடாவில் தகுதிபெற்ற வல்லுநரின் அறிக்கையைக் கட்டாயமாக்கும் விதிகள் 2001 இல் நடைமுறைக்கு வந்தன.

சில கையகப்படுத்தல்கள்

பெரு நாட்டின் தொரோமோச்சோ படிவை ஆய்ந்த பெரு காப்பர் என்னும் கனடிய நிறுவனத்தைச் சீனாவின் சைனால்கோ 2007 இல் சுமார் 79 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அங்குச் சுரங்கம் அமைப்பதற்காக மொரோகோச்சா நகர மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் பணி 2012 இல் தொடங்கியது. 2013 திசம்பரில் உற்பத்தி தொடங்கியது.

அதே 2007 இல், பெருவின் ரியோ பிளாங்கோ படிவை வைத்திருந்த மான்டெரிக்கோ மெட்டல்சை சிசின் நிறுவனத்தின் தலைமையிலான சீனக் கூட்டமைப்பு வாங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் அப்பகுதி மக்கள் நடத்திய வாக்கெடுப்பில், வாக்களித்தோரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சுரங்கத்தை எதிர்த்தனர். அங்கு இன்றுவரை சுரங்கம் அமையவில்லை.

அண்மைய எடுத்துக்காட்டு பிலோ நிறுவனம். அர்கெந்தீனா–சிலி எல்லையில் செப்புப் படிவை வைத்திருந்த இந்நிறுவனத்தைச் சுமார் 410 கோடி கனடிய டாலருக்கு வாங்குவதாக பிஎச்பி, லுண்டின் மைனிங் ஆகியவை 2024 சூலையில் அறிவித்தன. 2025 சனவரியில் கையகப்படுத்தல் நிறைவுற்றது. அப்போது பிலோவுக்கு இயங்கும் சுரங்கம் எதுவும் இருக்கவில்லை.

விற்பனையும் சுரங்கமும்

உயர்ந்த விலைக்கு விற்கப்படுதல் சுரங்கம் அமையும் என்பதற்கு உறுதி அன்று. பணம் பெற்ற பழைய பங்குதாரர் விலகிவிடலாம். நீர், நிலம், குடியிருப்பு பற்றிய கேள்விகள் வாங்கிய நிறுவனத்துக்கும் அப்பகுதி மக்களுக்கும் இடையே தொடர்கின்றன. நிகர நிகழ்கால மதிப்பில் அடங்காத இக்கேள்விகளே ரியோ பிளாங்கோவில் திட்டத்தைத் தடுத்தன.