கைக்கெட்டும் தொலைவில் ஓர் உயிர்

மணிக்கு ஆறு கடல்மைல் என்பது கரையில் நிற்போருக்கு மந்தமான வேகமாகவே தோன்றும். ஆயினும், அவ்வேகத்தில் செல்லும் படகு ஒரு விநாடியில் மூன்று மீட்டரைக் கடந்துவிடுகிறது. ஒருவர் தவறி விழுந்ததை மற்றவர்கள் உணர ஒரு நிமிடம் ஆனால், இடைவெளி ஏறத்தாழ 185 மீட்டராகிவிடும். அலைகளுக்கிடையே அத்தொலைவில் ஒரு மனிதத் தலையைக் கண்டறிவது மிகக் கடினம்.

இவ்விபத்து அனுபவசாலிகளையும் விட்டுவைப்பதில்லை. அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகக் கடக்கும் பாய்மரப் போட்டியில் 1964, 1976 ஆகிய ஆண்டுகளில் வென்றவர் பிரெஞ்சு மாலுமி எரிக் தபார்லி. 1998 ஜூன் மாதத்தில் ஓரிரவு, வேல்ஸ் கடற்பகுதியில் தம் சொந்தப் படகிலிருந்து விழுந்து அவர் உயிரிழந்தார். அப்போது அவர் உயிர்காப்பு அங்கியும் அணியவில்லை. பாதுகாப்பு வாரும் பூட்டியிருக்கவில்லை.

எனவே, முதற் கருவி படகோடு நம்மைப் பிணைக்கும் வாரே. அடுத்தது உயிர்காப்பு அங்கி. அதில் விசிலும் சிறு விளக்கும் இருத்தல் நன்று. விழுந்தவரை ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக் கையால் சுட்டிக்கொண்டே இருக்க, மற்றொருவர் மிதவை வளையத்தை உடனே வீச வேண்டும். ஜி.பி.எஸ். கருவியில் அதற்கென உள்ள பொத்தானை அழுத்தினால், விழுந்த இடம் பதிவாகிவிடும்.

பலரும் எண்ணிப் பார்க்காத இடர் இதற்குப் பின்னரே வருகிறது. விழுந்தவரை அணுகியதும் இயந்திர விசிறியின் சுழற்சியை நிறுத்த வேண்டும். நனைந்த உடையுடன் களைத்துப் போன ஒருவரை, ஒரு மீட்டர் உயரப் பக்கவாட்டில் வெறுங்கையால் தூக்குவது இருவருக்கும் இயலாமற் போகலாம். நீர்மட்டத்திற்குக் கீழே இறங்கும் ஏணி, அக்குளில் மாட்டும் மிதவைப் பட்டை, கப்பியும் கயிறும் ஆகியவையே இங்குக் கைகொடுப்பன. நெடுநேரம் குளிர்நீரில் கிடந்தவரை இயன்றவரை கிடைநிலையில் தூக்குதல் வேண்டும். நேராக நிறுத்தித் தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

ஆண்டுக்கு 20 ரூபாய்க் கட்டணத்தில் 2 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பு அளிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தை நம் வாசகர்கள் அறிவர். அது குடும்பத்தைத் தாங்கும், விழுந்தவரைக் கரையேற்றாது. ஆதலின், படகுக்குக் கடன் கோரும் வாடிக்கையாளர்கள் இயந்திரம், வலை ஆகியவற்றோடு ஏணியையும் கப்பியையும் விலைப்பட்டியலில் சேர்த்திட வேண்டுகிறோம். இந்தியக் கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554 சுக்கானருகே எழுதப்பட்டிருக்கட்டும். அமைதியான ஒரு நாளில், மிதவை ஒன்றைக் கடலில் எறிந்து, அதை மீட்டெடுத்துப் பழகுங்கள். ஆபத்து வேளையில் கைகள் தாமே செயற்பட அப்பயிற்சியே துணையாகும்.