வாகனத்தின் பின்புறத்தில் டேர்போ சார்ஜர்: இலகுவான வழியா, இடர்மிகு வழியா?

மோட்டார் வாகன இயந்திரம் ஒன்றில் எரிக்கப்படும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, சூடான புகையாகக் குழாய் வழியே வீணே வெளியேறிவிடுகின்றது. வீணாகும் இச்சக்தியின் ஒரு பகுதியை மீட்டெடுத்து மீண்டும் இயந்திரத்துக்கே பயன்படுத்தும் சாதனமே டேர்போ சார்ஜர் ஆகும். சுவிட்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டில் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். வெளியேறும் புகை ஒரு டேர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள கொம்பிரசர் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இயந்திரத்தினுள் செலுத்துகின்றது. நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைகளுக்கு மேல் சுழலக்கூடிய இச்சாதனம் வழமையாக இயந்திரத்தை ஒட்டியே பொருத்தப்படுகின்றது.

ஆனால், 2000களின் முற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்குவயர்ஸ் டேர்போ சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் இதற்கு மாறான ஒரு முறையைப் பிரபல்யப்படுத்தியது. டேர்போ இல்லாது விற்கப்பட்ட கார்களின் பின்புறத்தில், சைலன்சர் இருந்த இடத்தில் டேர்போவைப் பொருத்துவதே அம்முறையாகும். பொனட்டின் கீழ் இடநெருக்கடி இல்லை, இயந்திரத்தைச் சூழ வெப்பம் கூடுவதில்லை, பொருத்துவது இலகு என்பன இதற்குச் சார்பாக முன்வைக்கப்படும் நியாயங்களாகும். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் இவ்வசதிகளுக்குச் செலுத்தவேண்டிய விலை என்ன என்பதே இங்கு ஆராயப்பட வேண்டியதாகும். போர்ஷே 911 டேர்போ போன்று இயந்திரமே பின்புறத்தில் அமைந்த கார்கள் இக்கேள்விக்குள் அடங்கா. அவற்றில் டேர்போ இயந்திரத்தின் அருகிலேயே உள்ளது.

முதலாவது குறைபாடு வெப்ப இழப்பாகும். பெற்றோல் இயந்திரம் முழுச்சுமையில் இயங்கும்போது அதிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பநிலை 900 பாகை செல்சியஸை எட்டக்கூடும். மூன்று, நான்கு மீற்றர் நீளமான குழாயினூடாக அது பின்புறத்தை அடைவதற்குள் கணிசமான வெப்பம் இழக்கப்பட்டுவிடுகின்றது. குளிர்ந்த வாயு சுருங்குகின்றது. அதன் வேகமும் டேர்பைனைச் சுழற்றும் வலுவும் குறைகின்றன. இதனை ஈடுசெய்யச் சிறிய உறையுள்ள டேர்பைனைத் தெரிவுசெய்ய நேரிடுகின்றது. அது தாழ்ந்த வேகத்தில் உதவினாலும் உயர்ந்த வேகத்தில் புகை வெளியேறுவதற்குத் தடையாகலாம்.

இரண்டாவது, தாமதமாகும். ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் உந்துவிசை கிடைப்பதில்லை என்ற முறைப்பாட்டுக்கு, அமுக்கப்பட்ட காற்றை முன்னோக்கிக் கொண்டுவரும் நீண்ட குழாயே காரணம் எனப் பலரும் கருதுகின்றனர். இது பகுதி உண்மையே. ஆறு சென்ரிமீற்றர் விட்டமும் நான்கு மீற்றர் நீளமும் கொண்ட குழாயின் கொள்ளளவு சுமார் 11 லீற்றராகும். இரண்டு லீற்றர் இயந்திரமொன்று நிமிடத்துக்கு 2000 சுழற்சிகளில் வினாடிக்கு 33 லீற்றர் வரையில் காற்றை உள்ளிழுக்கக் கூடியது. ஆகவே குழாயை நிரப்புவதற்கு மாத்திரம் அதிக நேரம் செல்வதில்லை. வலுவிழந்த புகையைக் கொண்டு டேர்பைனை வேகமடையச் செய்வதிலேயே பெரும்பாலான தாமதம் ஏற்படுகின்றது.

மூன்றாவதும் மிகவும் பாரதூரமானதுமான பிரச்சினை எண்ணெய் பற்றியதாகும். இயந்திரத்தின் அருகிலுள்ள டேர்போவிலிருந்து எண்ணெய் புவியீர்ப்பினால் தானாகவே கீழிறங்கித் திரும்பிவிடும. பின்புறத்திலோ டேர்போ எண்ணெய்த் தொட்டியின் மட்டத்துக்கு நிகராகவோ அதற்குக் கீழாகவோ இருப்பதால் எண்ணெயைத் திருப்பியனுப்பத் தனியானதொரு பம்பி தேவைப்படுகின்றது. அந்தப் பம்பி நின்றுபோனால் எண்ணெய் தேங்கி, புகைக்குழாயினுள்ளும் காற்றுக்குழாயினுள்ளும் கசியும். வாகனத்தின் அடியில் செல்லும் நீண்ட எண்ணெய்க் குழாய் கல்பட்டு வெடித்தால் இயந்திரம் சில நிமிடங்களுக்குள் எண்ணெயின்றிப் பழுதடையலாம். சூடான உலோகத்தின் மீது எண்ணெய் சிந்துமாயின் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. பல கார்களில் எரிபொருள் தாங்கி பின்புறத்திலேயே உள்ளது என்பதையும் மறந்துவிடலாகாது.

நான்காவது, சூழலின் பாதிப்பாகும். சில்லுகள் வாரியிறைக்கும் சேறு, தூசி, கற்கள் ஆகிய அனைத்தும் வந்து சேரும் இடத்தில் காற்று வடிகட்டி அமைகின்றது. வடிகட்டியைக் கடந்து செல்லும் நுண்ணிய மணல், அதிவேகமாகச் சுழலும் கொம்பிரசர் சக்கரத்தை அரித்துவிடும். மழைக்காலத்தில் வெள்ளம் தேங்கிய வீதிகளைக் கடந்து செல்வது நம் நாட்டவர்க்குப் புதிதன்று. அவ்வாறான வேளையில் வடிகட்டி நீரில் மூழ்கினால் இயந்திரம் தண்ணீரை உள்ளிழுத்து முற்றாகச் சேதமடைய நேரிடும்.

இவற்றுக்கு மேலாக, கெட்டலிடிக் கன்வேர்டருக்குப் பின்னால் டேர்போ பொருத்தப்படுவதால், அது சிதைந்தால் அதன் துண்டுகள் டேர்பைன் இதழ்களைத் தாக்கக்கூடும். குழாய் இணைப்புகள் அதிகரிக்க அதிகரிக்கக் காற்றுக் கசிவுக்கான வாய்ப்பும் அதிகரிக்கின்றது. வாகனத்தின் அடியில் நிகழும் கசிவைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று.

அவ்வாறாயின் தூரத்து டேர்போ எங்குமே வெற்றியளிக்கவில்லையா? 1941ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்த அமெரிக்காவின் பி-47 தண்டர்போல்ட் போர் விமானத்தில், டேர்போ விமானியின் இருக்கைக்குப் பின்னால், விமானத்தின் பிற்பகுதியில் அமைந்திருந்தது. அது சிறப்பாகவே செயற்பட்டது. ஆனால் அந்த விமானமே அந்தக் குழாய்களைச் சுற்றி வடிவமைக்கப்பட்டது. மேலும், விமான இயந்திரம் நீண்ட நேரம் ஒரே சீராக இயங்குவது. நகர வீதியில் நின்று நின்று செல்லும் காரின் நிலைமை அதுவன்று.

வாகன உற்பத்தியாளர்கள் சென்றுள்ள திசையும் இதனையே உணர்த்துகின்றது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய எட்டு சிலிண்டர் இயந்திரத்தில் டேர்போக்கள் சிலிண்டர் வரிசைகளின் நடுவிலேயே வைக்கப்பட்டன. போர்ட் நிறுவனத்தின் ஒரு லீற்றர் இகோபூஸ்ட் இயந்திரத்தில் புகைவழி சிலிண்டர் தலையுடனேயே வார்க்கப்பட்டது. புகை பயணிக்கும் தூரத்தைக் குறைப்பதே இவ்வமைப்புகளின் முக்கிய பயன்களில் ஒன்றாகும்.

ஆகவே, பின்புற டேர்போ இயலாத காரியமன்று; ஆனால் இலகுவான காரியமுமன்று. பொருத்தும் நாளில் மீதமாகும் பணம், பராமரிப்பிலும் பழுதுபார்ப்பிலும் பன்மடங்காகச் செலவாகலாம். குடும்பத்தினரை ஏற்றிச் செல்லும் வாகனத்தில் இத்தகைய மாற்றத்தை விரும்புவோர், எண்ணெய் திரும்பும் வழி, எரிபொருள் தாங்கிக்கான வெப்பக் காப்பு, காற்று வடிகட்டியின் உயரம் ஆகிய மூன்றுக்கும் திருப்தியான விடை கிடைத்த பின்னரே கராஜின் வாசற்படியை மிதிப்பது விவேகமானதாகும்.