ஏலச் செடியின் கட்டே நோயும் ஒட்டும் நொதியும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத் தோட்டம் பார்க்கும் விவசாயிகளுக்குக் ‘கட்டே’ என்னும் தேமல் நோய் புதிதன்று. இளம் இலையில் வெளிர்ப்பச்சைக் கீற்றுகள் நடுநரம்பிலிருந்து ஓரம் நோக்கி ஓடும். பின்னர்த் தூர் மெலிந்து, காய்ப்பு வருஷந்தோறும் குன்றும். இது வைரஸினால் உண்டாவதென்றும், அசுவினிப் பூச்சி இதைப் பரப்புவதென்றும் 1945-ஆம் ஆண்டில் உப்பல், வர்மா, கபூர் ஆகியோர் எடுத்துக்காட்டினர். குறி தெரியுமுன் நோயுற்ற தூரிலிருந்து பக்கக்கன்று எடுத்து நடுவதே பெருநஷ்டத்துக்கு வழியாகும். ஆகவே, அந்நிலையில் நோயை அறியும் ஒரு முறையையும், அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் ஈண்டு விளக்குவோம்.

இவ்வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஆகும். செடி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அதனை 21, 22 எழுத்து நீளமுள்ள சிறு துண்டுகளாக வெட்டுகின்றது. அத்துண்டுகளின் எழுத்து வரிசையை வாசித்தால் உட்புகுந்த வைரஸ் இன்னதெனத் தெரியும். ஆயின், வாசிக்கும் கருவிக்குப் பிடி வேண்டும். மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவது போல, வரிசை முன்பே தெரிந்த துண்டுகளை அதன் இரு முனைகளிலும் இணைத்தல் வேண்டும்.

இவ்வேலையைச் செய்வது லைகேஸ் நொதி. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸிலிருந்து பெறும் ஆர்.என்.ஏ. லைகேஸைப் பற்றிச் சில்பர், மாலதி, ஹர்விட்ஸ் ஆகியோர் 1972-இல் வெளியிட்டனர். முதலில், முன்கூட்டியே அடினைல் ஏற்றிய துண்டை, லைகேஸ் இரண்டின் குறுக்கிய வகையால் வால்முனையில் இணைப்பர். அப்போது ஏ.டி.பி. சேர்ப்பதில்லை, சேர்த்தால் மாதிரித் துண்டுகள் தமக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளக்கூடும். பின்னர் லைகேஸ் ஒன்றும் ஏ.டி.பி.யும் கொண்டு தலைமுனையில் மற்றொன்றை இணைப்பர். அதன்பின் டி.என்.ஏ.வாக நகலெடுத்து, பெருக்கி, வாசிப்பர்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. செடியின் சிறு துண்டுகளின் வால்முனையில் மீதைல் தொகுதி ஏறியிருப்பதால் ஒட்டு எளிதில் பிடிப்பதில்லை. நொதியும் சில எழுத்துகளில் முடியும் துண்டுகளையே விரும்பி ஒட்டும். ஆதலின் எண்ணிக்கை குறைந்ததைக்கொண்டு நோய் குறைவு என முடிவுகட்டலாகாது. இக்குறையை நீக்க, 16 டிகிரி குளிர்ச்சியில் இரவு முழுதும் ஒட்டவிடுவதும், இணைப்புத் துண்டின் நுனியில் எழுத்துகளைக் கலந்து வைப்பதும் வழக்கம்.

குடியானவர் செய்யவேண்டியவை இவை. இளம் இலையை வெயிலில் வாட்டாமல், பறித்தவுடன் பனிக்கட்டியிலிட்டு ஆய்வகத்துக்கு விரைவில் சேர்ப்பித்தல் வேண்டும், வெப்பத்தில் ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும். கன்று எடுக்கும் தாய்ச்செடிகளுக்கு இவ்வாய்வு தகும். தெரிந்த வைரஸைப் பல செடிகளில் தேடுவதற்குச் செலவு குறைந்த பி.சி.ஆர். சோதனையே போதும். ஒருமுறை ‘இல்லை’ என்று வந்தமையால் ஐயம் தீர்ந்தது எனக் கருதி அசட்டையாய் இருத்தல் கூடாது.

இந்நோய்க்கு மருந்தில்லை. நோயுற்ற தூரைக் கிழங்கோடு பெயர்த்து அழித்தலும், அசுவினி தங்கும் சேம்பை அகற்றலும், சுத்தமான நாற்றங்காலில் விதை நாற்று வளர்த்தலுமே காப்பு. விதை வழியாக இந்நோய் பரவுவதில்லை. கிராம அதிகாரிகள் இதனைத் தத்தம் ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக.