பாலத்தில் முடிந்த போர்

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மலாக்கா பட்டணத்துக்கு வருகிறவர்கள் எப்படியும் ஒருமுறை தான் கிம் செங் பாலத்தைக் கடந்துவிடுவார்கள். இந்தப் பக்கம் டச்சுக்காரர் கட்டிய சிவப்புக் கட்டடம், அந்தப் பக்கம் ஜோங்கர் தெரு. நடந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. 1511ஆம் ஆண்டு இதே ஆற்றின் மேல், ஏறக்குறைய இதே இடத்தில் இருந்த ஒரு மரப்பாலத்துக்காகத்தான் இருதரப்பிலும் ஆட்கள் செத்து மடிந்தார்கள். பாலம் கைமாறியது, ஒரு சுல்தானகமும் அதோடு போயிற்று.

அன்றைய மலாக்கா, உலகத்துச் சரக்கெல்லாம் வந்து கைமாறும் துறைமுகம். குஜராத்திகளும் பெகு நாட்டாரும் சாவகரும் சீனரும் கடை விரித்திருந்தார்கள். இங்கே 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார் போர்த்துக்கீசியரான தோமே பிரேஸ். சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்த தமிழ் வணிகர்கள் இந்தச் சந்தையின் பெரும் புள்ளிகள். ஆற்றுக்கு வடக்கே உப்பே என்ற பகுதியில் அவர்களுடைய வீடுகளும் கிடங்குகளும் இருந்தன. அரசவையிலும் தமிழ் இரத்தம் உண்டு. சுல்தான் மாமுட் ஷாவின் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சரான துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வழிவந்தவர்.

1509 செப்டம்பரில் தியோகோ லோப்பெஸ் த செக்கேரா போர்த்துக்கீசியக் கப்பல்களோடு வந்தார். வாணிப உறவு கேட்டு வந்தவர்களைப் பிடித்துப்போட அரசவையில் முடிவாயிற்று. செக்கேரா தப்பி ஓடினார். கரையில் அகப்பட்ட இருபது பேர் அளவில் சிறைப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ரூய் த அராவுஜோ. சிறையில் கிடந்த அவருக்குத் துணை நின்றவர் ஒரு தமிழ் இந்து வணிகர். 'நினா சத்து' என்று போர்த்துக்கீசிய ஏடுகள் எழுதும் பெயர், நைனா செட்டி என்று நம் வாயில் வரக்கூடியதுதான். 1510 பிப்ரவரியில் அராவுஜோ எழுதிய கடிதம் நைனா செட்டியின் உதவியால் நகரை விட்டு வெளியேறி, இந்தியாவில் இருந்த போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகெர்க்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நகரின் பலமும் பலவீனமும் அதில் இருந்தன.

அதே 1510இல் அரண்மனைக்குள்ளேயே இன்னொரு விபரீதம் நடந்தது. செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று நூல் அதை விரிவாகச் சொல்கிறது. துறைமுக அதிகாரி ராஜா முதலியாருக்கும் வணிகர் தலைவர் நைனா சூரதேவனுக்கும் பகை. சூரதேவன் பெண்டஹாராவுக்குப் பொன் கொடுத்து வழக்கைத் தன் பக்கம் திருப்பிவிட்டார் என்று கித்துல் என்பவன் முதலியாரிடம் கோள் மூட்டினான். பயந்துபோன முதலியார், பெண்டஹாரா அரியணைக்கே குறி வைக்கிறார் என்று பழியைத் திருப்பிவிட்டார். சுல்தான் விசாரிக்கவில்லை. துன் முத்தாஹிர் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். பொய் வெளிப்பட்டபோது முதலியாரும் கித்துலும் உயிர் இழந்தார்கள். ஆனால் அனுபவமுள்ள அமைச்சர் திரும்பி வரப்போவதில்லை. மலாக்கா விழுந்த கதையைப் பீரங்கியில் தொடங்குகிறவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது பெரிய குறை.

1511 ஜூலை முதல் நாள், ஏறத்தாழ 18 கப்பல்களோடும் 1,200 பேரோடும் அல்புகெர்க் துறைமுகத்துக்கு முன்னால் நங்கூரம் போட்டார். அந்தப் படையில் மலபார்க் கரைக்காரர்களும் இருந்தார்கள். நகரத்துக்குள் 20,000 வீரர்கள், 20 போர் யானைகள் என்று போர்த்துக்கீசியர் எழுதினார்கள். வென்றவன் சொல்லும் கணக்கு. அப்படித்தான் அதைப் படிக்க வேண்டும். சுல்தானின் துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த சீன வணிகர்கள், ஆட்களைக் கரையிறக்கத் தங்கள் படகுகளைக் கொடுத்தார்கள்.

நகரை இரண்டாகப் பிரித்தது ஆறு. ஒரு கரையில் அரண்மனையும் பள்ளிவாசலும், மறு கரையில் வணிகர் குடியிருப்பு. பாலத்தைப் பிடித்தால் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் படை போக முடியாது. ஜூலை 25, புனித யாகோபு திருநாளன்று முதல் தாக்குதல். பாலத்தைப் பிடித்தும்விட்டார்கள். சுல்தான் யானைப்படையோடு நேரில் வந்தார். ஈட்டி பாய்ந்த யானைகள் பிளிறிக்கொண்டு திரும்பித் தம் படையையே மிதித்தன. ஆனாலும் பொழுது சாயும்போது போர்த்துக்கீசியர் பாலத்தை விட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினார்கள். இரும்புக் கவசத்துக்குள் நாள் முழுக்க மலாக்கா வெயில்! பால்மரக் காட்டில் உச்சிப்பொழுது வரை நின்றவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் முறை அவர்கள் ஓர் உயரமான ஜங்குக் கப்பலைக் கொண்டுவந்தார்கள். பாலத்தைவிட உயரமாக நின்று சுடலாம் என்பது திட்டம். அந்தோனியோ த அப்ரேயு தலைமையில் ஆற்று முகத்துக்குள் வந்த கப்பல் மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது. கடல்நீர் ஏறும்வரை நாள்கணக்கில் காத்திருந்தார்கள். கரையிலிருந்து ஓயாமல் குண்டு. அப்ரேயுவின் முகத்தில் ஒன்று பாய்ந்தும் அவர் இறங்கவில்லை. ஆகஸ்ட் 10ஆம் தேதி நீர் ஏறியது, கப்பல் மிதந்தது, பாலம் அவர்கள் கைக்கு வந்தது. இந்தத் தடவை பாலத்தின் இரு முனையிலும் மண் நிரப்பிய பீப்பாய்களை அடுக்கி அரண் கட்டிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 24ஆம் தேதி நகரம் முழுவதும் அவர்கள் கையில்.

பிறகு கொள்ளை. தெருத் தெருவாக, வீடு வீடாக. சில வாசல்களில் மட்டும் அல்புகெர்க் கொடுத்த கொடி பறந்தது. அந்த வீடுகளைத் தொடக்கூடாது என்று கட்டளை. பெகு வணிகர் வாசலில் ஒன்று, நைனா செட்டி வாசலில் ஒன்று. அக்கம்பக்கத்தார் வீடு சூறையாடப்படும் சத்தத்தைக் கேட்டபடி கொடிக்குப் பின்னால் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

கல்லறைகளிலிருந்தும் பள்ளிவாசல்களிலிருந்தும் பெயர்த்த கற்களால் ஆ ஃபாமோசா கோட்டை எழும்பியது. போர்த்துக்கீசியர் 130 ஆண்டு அதற்குள் இருந்தார்கள். 1641இல் டச்சுக்காரர் பறித்துக்கொண்டனர். சுல்தான் தமக்குக் காவல் என்று நம்பிய சீனத்தின் மிங் அரசு படை அனுப்பவில்லை. ஆனால் 1517இல் காண்டனுக்குத் தூதராகப் போன அதே தோமே பிரேஸ், மலாக்காவின் முறையீடு அங்கே எட்டிய பிறகு சிறைப்பட்டார்.

நைனா செட்டிக்குப் பெண்டஹாரா பதவி கிடைத்தது. முஸ்லிம் அல்லாத வணிகர்கள் அவர் பொறுப்பில் வந்தார்கள். போர்த்துக்கீசிய அரசோடு பங்கு போட்டுப் பெகுவுக்கும் பழவேற்காட்டுக்கும் கப்பல் விட்டார். அவரைத் துரோகி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. தமிழர் பெருமை என்று தலையில் வைத்து ஆடுகிறவர்களும் உண்டு. இரண்டும் அவசரம். துறைமுகம் யார் கையில் இருந்தாலும் கப்பல் ஓட வேண்டும் என்பது வணிகன் கணக்கு. அந்தக் கணக்கில் அவர் ஒரு நாட்டின் விதியையும் சேர்த்து எழுதிவிட்டார். கொல்லப்பட்ட துன் முத்தாஹிரும் நம் வழியினரே என்பதைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1514இல் போர்த்துக்கீசியர் நைனா செட்டியின் பெண்டஹாரா பதவியைச் சுமாத்திராவின் கம்பார் அரசருக்குக் கொடுத்தார்கள். அதன்பின் அவர் தேடிக்கொண்ட முடிவைப் போர்த்துக்கீசியருடைய வரலாற்றேடுகளே சொல்கின்றன. சந்தனக் கட்டைகளை அடுக்கி மேடை கட்டச் சொன்னாராம். நல்ல உடை உடுத்தி அதன் மேல் ஏறி, கூடி நின்ற ஊராரிடம் தாம் போர்த்துக்கீசியருக்குச் செய்த உதவிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாராம். சொல்லி முடித்ததும் தீயில் இறங்கினார்.