எர்மேஸ் பட்டு ஸ்கார்ஃப் சேகரிப்பு

எர்மேஸ் பட்டு ஸ்கார்ஃப் என்பது பாரிஸ் நகரின் எர்மேஸ் நிறுவனம் 1937 முதல் வெளியிட்டுவரும் சதுர வடிவப் பட்டுத் துணியாகும். பிரெஞ்சு மொழியில் இது 'கரே', அதாவது சதுரம், எனப்படுகிறது. இதன் வழக்கமான அளவு 90 × 90 செ.மீ. பழைய கரேக்களைத் தேடிச் சேகரிப்போர் பல நாடுகளில் உள்ளனர்.

வடிவமைப்பின் ஊற்றுகள்

1837இல் தியரி எர்மேஸ் தொடங்கியது குதிரைச் சேணப் பட்டறை. அதனால் கடிவாளம், சேணம், குதிரை வண்டி ஆகியவை கரேக்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. முதல் கரேயை உருவாக்கியவர் எமில் எர்மேஸின் மருமகன் ரொபேர் துமா. எமிலின் சேகரிப்பில் இருந்த ஒரு பழைய பலகை விளையாட்டே அதற்கு அடிப்படை. அதன் நடுவில் விளையாடும் பெண்களும், சுற்றிலும் குதிரைகள் இழுக்கும் பயணிகள் வண்டிகளும் உள்ளன.

ஹியூகோ கிரிகார் வரைந்த 'பிரீத் து காலா' (1957) அலங்காரக் கடிவாளங்களைக் காட்டுகிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநில ஓவியரும் அஞ்சல் ஊழியருமான கெர்மிட் ஆலிவர், தம் மண்ணின் விலங்குகளையும் அமெரிக்கப் பழங்குடியினரையும் கரேக்களில் வரைந்தார்.

தயாரிப்பு

சாய்வரி நெசவுப் பட்டில் திரை அச்சு முறையில் படம் பதிக்கப்படுகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை தேவை. அச்சான பின் விளிம்பு கையால் சுருட்டித் தைக்கப்படுகிறது.

காலத்தைக் கணித்தல்

புதிதாகச் சேகரிப்போர் பெரும்பாலும் தடுமாறுவது இங்குதான். வடிவமைப்பு வெளியான ஆண்டும் கையிலுள்ள துணி அச்சான ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 'பிரீத் து காலா' பல முறை புதிய நிறங்களில் மறுவெளியீடு கண்டது. எனவே '1957' எனக் குறிப்பிட்டு விற்கப்படும் துணி, பல பத்தாண்டுகளுக்குப் பின் அச்சானதாகவும் இருக்கலாம். அந்த ஆண்டை மட்டும் நம்பி விலை கொடுப்பவர் ஏமாற நேரிடும்.

சரிபார்த்தலும் பராமரிப்பும்

கரேயின் விளிம்பு வழக்கமாகப் படம் உள்ள முன்பக்கமாகச் சுருட்டப்பட்டு, உருண்டையாக இருக்கும். இயந்திரத் தையலும் மங்கலான கோடுகளும் ஐயத்துக்குரியவை. ஓவியரின் கையொப்பம் எல்லாக் கரேக்களிலும் இருப்பதில்லை. அது இல்லாததால் மட்டும் துணி போலியாகிவிடாது.

விளிம்பின் மேல் இஸ்திரி போட்டால் அதன் உருண்டை வடிவம் தட்டையாகி மதிப்புக் குறையும். வெயில் நிறத்தை மங்கச் செய்யும். ஒரே மடிப்பில் நெடுங்காலம் வைத்தால் அந்த இடத்தில் பட்டு நலியும். ஆகவே வெளிச்சமும் ஈரமும் படாத இடத்தில் வைத்து, அவ்வப்போது மடிப்பை மாற்றுவது நல்லது.