முடிஞ்ச வேலைன்னா எது? டிக்கெட் பட்டியலும் நூறு நாள் வேலைக் கூலியும்

ஐ.டி.ல வேலை பார்க்கிற எல்லாருக்கும் பழகின ஒரு விஷயத்தைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். ஜிரா, ஸோஹோ ப்ராஜெக்ட்ஸ், ட்ரெல்லோ, நோஷன் - பேர் எதுவா இருந்தாலும் உள்ளே இருக்கிறது ஒரு பெரிய அட்டவணை. ஒரு வேலைக்கு ஒரு வரி. யார் செய்யணும், எப்போ முடிக்கணும், இப்போ எந்த நிலையில இருக்குன்னு ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு தகவல். அந்த அட்டவணைகிட்ட கேள்வி கேட்கிறது எப்படி? தப்பாக் கேட்டா என்ன ஆகும்? உதாரணத்துக்கு என் சொந்த ஊர்ப் பக்கமே போகப் போறேன். தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம்.

மூணே மூணு கேள்வி

எந்த மென்பொருளா இருந்தாலும் நாம கேட்கிறது மூணுதான். எது வேணும்? அது வடிகட்டல், ஃபில்டர். எதோட எது சேரும்? அது குரூப்பிங். எது முதல்ல வரணும்? அது சார்ட்டிங்.

எங்க ஊர்ல மிளகாய் வத்தல் காயப்போடுற களத்துக்குப் போனா இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிறம் வெளுத்த சண்டு வத்தலைப் பொறுக்கி ஒதுக்குவாங்க. முண்டு தனி, சம்பா தனின்னு குவிப்பாங்க. நல்ல விலை போற குவியலை முன்னால வைப்பாங்க. வரிசையைக் கவனிங்க: முதல்ல ஒதுக்குறது, அப்புறம் குவிக்கிறது, கடைசியாத்தான் அடுக்குறது. மென்பொருளும் பெரும்பாலும் அதே வரிசையிலதான் போகும். அதனால முதல் படியில விழுந்துபோன ஒரு வரி, அடுத்த ரெண்டு படியிலயும் உங்க கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

காலியா இருக்கிற கட்டம்

முதல் கண்ணி இதுதான். ஜிராவுல ஜே.க்யூ.எல்.னு ஒரு கேள்வி மொழி இருக்கு. "என் பேர்ல இல்லாத டிக்கெட் எல்லாத்தையும் காட்டு"ன்னு அதுல கேட்கிறீங்க. மத்தவங்க பேர்ல இருக்கிறது எல்லாம் வரும். ஆனா யார் பேருமே போடாத டிக்கெட் வராது! "யார் பேர்லயும் இல்லை"ங்கிறது "என் பேர்ல இல்லை"ங்கிறதுல அடங்கும்தானேன்னு நமக்குத் தோணும். மென்பொருளுக்கு அப்படி இல்லை. காலிக் கட்டத்தை எதோடயும் ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாததை அது ஒதுக்கிடும். எஸ்.க்யூ.எல்.லயும் இதே கதைதான். "அல்லது காலியா இருக்கிறது"ன்னு தனியா ஒரு நிபந்தனை சேர்த்தாத்தான் அந்த வரிகள் வரும்.

யாருமே எடுக்காத வேலையைத்தான் முதல்ல பார்க்கணும். அதுவே பட்டியல்ல இல்லைன்னா?

அடுக்குறதுல ஒரு கோளாறு

இது சின்னது, சீக்கிரமாச் சொல்லிடுறேன். தேதியை வெறும் எழுத்தாப் பதிவு செஞ்சிருந்தா, மென்பொருள் அதை அகராதி மாதிரி அடுக்கும். 01-12-2024 முதல்ல வரும், 02-01-2023 அதுக்கு அப்புறம் வரும். எண்ணும் அப்படித்தான், 10 முன்னால நிற்கும், 2 பின்னால நிற்கும். "பழையது முதல்ல"ன்னு அடுக்கின பட்டியல்ல பழையது நடுவுல எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கும். அந்த நெடுவரிசை தேதியா, எண்ணா, எழுத்தான்னு ஒரு தடவை பார்த்துக்கிட்டாப் போதும்.

இப்போ விளாத்திகுளம்

எங்க பக்கம் கரிசல் பூமி, மானாவாரி. வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசி, கம்பு, சோளம், மிளகாய்னு போடுவாங்க. அறுவடை முடிஞ்சா அடுத்த மழை வரைக்கும் காட்டுல பெரிசா வேலை இருக்காது. அந்த மாசங்கள்ல பல வீட்டுக்குக் கை கொடுத்தது நூறு நாள் வேலை. 2005-ல் நிறைவேறின தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரியில 200 மாவட்டங்கள்ல தொடங்கி, 2008 ஏப்ரல்ல எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிஞ்சது. கண்மாய் தூர்வாருறது, வரத்துக்கால் வெட்டுறது, கரை பலப்படுத்துறதுன்னு வேலைகள்.

இதோட கணக்கு முழுக்க நரேகாசாஃப்ட்னு ஒரு மென்பொருள்ல ஏறுச்சு. யோசிச்சுப் பார்த்தா அது ஒரு பிரம்மாண்டமான ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கருவிதான். ஒவ்வொரு கண்மாய் வேலைக்கும் ஒரு எண், ஒரு நிலை, ஒரு செலவுக் கணக்கு. குரூப்பிங்குக்கு அழகான அமைப்பும் இருந்தது: மாநிலம், அதுக்குள்ள மாவட்டம், அதுக்குள்ள ஒன்றியம், அதுக்குள்ள ஊராட்சி. தூத்துக்குடி மாவட்டத்துல 12 ஒன்றியங்கள்; விளாத்திகுளம் ஒண்ணு, பக்கத்துல புதூர் இன்னொண்ணு. ஒவ்வொரு படியா இறங்கி யார் வேணும்னாலும் இணையத்துல பார்க்க முடிஞ்சது.

கேள்விக்கு வருவோம். வேலை செஞ்ச வருகைப் பட்டியல், அதாவது மஸ்டர் ரோல், முடிஞ்ச நாள்ல இருந்து 15 நாளுக்குள்ள கூலி வரணும்னு இருந்தது. 16-ஆம் நாள் தாண்டினா, நிலுவைக் கூலியில ஒரு நாளைக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் அறிவிச்ச கூலி 336 ரூபாய். ஆறு நாள் முழுக் கூலின்னா 2016 ரூபாய். அதுல 0.05 சதவீதம்னா நாளைக்கு ஒரு ரூபாய். தொகை சின்னதுதான். ஆனா அந்த ஒரு ரூபாயைக் கணக்குப் போட, "எத்தனை நாள் தாமதம்?"னு மென்பொருள் பதில் சொல்லியாகணும்.

எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும்?

கூலி ரெண்டு கட்டமா வந்தது. முதல் கட்டம் மாநிலத்தோட பொறுப்பு: வேலையை அளந்து, கூலிப் பட்டியல் போட்டு, ரெண்டு அதிகாரிகள் டிஜிட்டல் கையெழுத்து வெச்சுப் பணப் பரிமாற்ற ஆணை அனுப்புறது. ரெண்டாவது கட்டம், மத்திய அரசு அந்த ஆணையை ஏத்துக்கிட்டுப் பணத்தை வேலை செஞ்சவங்க கணக்குல போடுறது. மென்பொருள் தாமதத்தை எண்ணினது முதல் கட்டத்தோட முடிவு வரைக்கும் மட்டும்தான்! கையெழுத்து விழுந்ததும் அதோட பார்வையில வேலை முடிஞ்சது. பாஸ் புக்கைத் தூக்கிக்கிட்டுப் பஸ் ஏறி பேங்க்குக்குப் போற அக்காவுக்கு இன்னும் எதுவும் முடியலை.

ராஜேந்திரன் நாராயணன், சகினா தோராஜிவாலா, ராஜேஷ் கோலானி ஆகிய ஆய்வாளர்கள் பத்து மாநிலங்கள்ல 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பணப் பரிமாற்றங்களை எடுத்து ரெண்டாவது கட்டத்தையும் சேர்த்து எண்ணினாங்க. 2016-17-ல் அந்தக் கட்டத்துல மட்டுமே சராசரியா 50 நாளுக்கு மேல ஆனது தெரிஞ்சது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஸ்வராஜ் அபியான் வழக்குல 2018 மே மாசம் வந்த தீர்ப்பு, ரெண்டாவது கட்டத் தாமதத்துக்கும் இழப்பீடு உண்டுன்னு சொன்னது. ஆய்வாளர்கள் எடுத்ததும் அதே திட்டத்தோட பதிவுகள்தான். மாறினது, "முடிஞ்சது"ன்னு எந்தத் தேதியை எடுத்துக்கிறோம்ங்கிறது மட்டும்.

சராசரிக்குள்ள ஒளியிறது

குரூப் பண்ணும்போது இன்னொரு ஆபத்து. எண்கள் புரியறதுக்காக நானே போட்டது. ஒரு ஒன்றியத்துல பத்துக் கூலிப் பட்டியல். ஒன்பது 5 நாள்ல வந்திருச்சு, ஒண்ணு மட்டும் 95 நாள் ஆச்சு. மொத்தம் 140 நாள், சராசரி 14. "15 நாளுக்குள்ளதான் கொடுக்கிறோம்"னு அறிக்கை பச்சை நிறத்துல வரும். அந்த ஒரு பட்டியல்ல பேர் இருக்கிறவங்க மூணு மாசமாக் காத்திருக்காங்க. அதனால சராசரியோட சேர்த்து அதிகபட்சத்தையும் கேளுங்க, "15-ஐத் தாண்டினது எத்தனை?"ன்னு எண்ணிக்கையையும் கேளுங்க. ஒன்றிய அளவுல நிற்காம ஊராட்சி வரைக்கும் இறங்குங்க.

கடைசியா, எந்தக் கேள்விக்கும் சிக்காத வரி ஒண்ணு இருக்கு: அட்டவணையில ஏறவே ஏறாத வரி. வேலை கேட்டு 15 நாள்ல கிடைக்கலைன்னா வேலையில்லாப் படி கொடுக்கணும்னு அதே சட்டம் சொல்லுச்சு. ஆனா ஒருத்தர் வாயால கேட்டு, தேதி போட்ட ரசீது வாங்காமப் போயிட்டா, அவர் கேட்டதுக்குப் பதிவே கிடையாது. ஃபில்டர், குரூப், சார்ட் எதுவும் அவரைக் கண்டுபிடிக்காது. உங்க ஆபீஸ்லயும் காபி குடிக்கும்போது வாய்மொழியாச் சொன்ன வேலைக்கு இதே கதிதான்.

திங்கட்கிழமை செய்ய வேண்டியது

உங்க போர்டைத் திறந்து நாலு விஷயம் பாருங்க. யார் பேரும் போடாத டிக்கெட் உங்க பட்டியல்ல வருதா? தேதிக் கட்டம் உண்மையிலேயே தேதிதானா? சராசரிக்குப் பக்கத்துல அதிகபட்சம் இருக்கா? "டன்"னு ஒரு நெடுவரிசை வெச்சிருக்கீங்களே, அது யாருக்கு முடிஞ்சது? கோடு எழுதினவருக்கா, டெஸ்ட் பண்ணினவருக்கா, இல்லை அதுக்காகக் காத்திருக்கிற வாடிக்கையாளருக்கா? இந்த நாலாவது கேள்விக்கு மட்டும் மென்பொருள் பதில் சொல்லாது. டீம் உட்கார்ந்து பேசித்தான் முடிவு பண்ணணும்.

உங்க போர்டுல என்ன கண்டுபிடிச்சீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.